720,720-க்கு எத்தனை காரணிகள்?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: "மகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. டியூஷனில் 720,720-க்கு எத்தனை காரணிகள் என்று கேட்டிருக்கிறார்கள். கால்குலேட்டரில் 1, 2, 3 என்று வகுத்து வகுத்து இரண்டு பக்கம் எழுதிவிட்டாள், இன்னும் முடியவில்லை. வேறு வழி இருக்கிறதா ஐயா?"

இருக்கிறது அம்மா. கால்குலேட்டரை ஓரமாக வைத்துவிட்டு எண்ணையே கொஞ்ச நேரம் பார்க்கச் சொல்லுங்கள். 720 இரண்டு முறை வருகிறது, இல்லையா? அதாவது 720 ஆயிரமும், மேலே ஒரு 720-உம். ஆக, இது 720 × 1,001. இதில் 1,001 என்பது 7 × 11 × 13. மனப்பாடமே செய்துகொள்ளலாம், அடிக்கடி உதவும். 720-ஐப் பிரித்தால் நான்கு 2, இரண்டு 3, ஒரு 5.

மொத்தம் பத்துப் பகா எண்கள் கையில் இருக்கின்றன. 1-ஐத் தவிர எந்தக் காரணியும் இவற்றில் சிலவற்றைப் பொறுக்கிப் பெருக்கியதுதான். 2, 2, 3, 7 எடுத்தால் 84. எதையும் எடுக்காவிட்டால் அதுதான் 1. 2-ஐ ஒருமுறைகூட எடுக்காமல் விடலாம், நான்கு முறைவரை எடுக்கலாம்: ஐந்து வழி. 3-க்கு மூன்று வழி. 5, 7, 11, 13 ஒவ்வொன்றுக்கும் எடுப்பது, விடுவது என இரண்டு வழி. 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. அவ்வளவுதான்.

மகள் நம்பாவிட்டால் 12 ரப்பர் கொட்டைகளைச் சம வரிசைகளாக அடுக்கச் சொல்லுங்கள். 1, 2, 3, 4, 6, 12 என ஆறு விதமாகத்தான் அடுக்க முடியும். 12-இல் இரண்டு 2, ஒரு 3; 3 × 2 = 6. கையால் அடுக்கிப் பார்த்த பிள்ளை இதை மறக்காது.

எழுதிய இரண்டு பக்கத்தைக் கிழித்துவிட வேண்டாம். ஒவ்வொரு காரணிக்கும் பக்கத்தில் அதன் ஜோடியை எழுதட்டும்: 2-க்கு 360,360, 7-க்கு 102,960. கடைசி ஜோடி 840 × 858. அதோடு 120 ஜோடிகள் முடிந்துவிடும்.

இந்த எண்ணை ஆசிரியர் சும்மா கொடுத்திருக்க மாட்டார். இதைவிடச் சின்ன எண் எதற்கும் 240 காரணிகள் கிடையாது. இப்படிப்பட்ட எண்களைப் பற்றித்தான் நம் இராமானுஜன் 1915-இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 1 முதல் 16 வரை எல்லா எண்ணாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்ணும் இதுவே. காசாக நினைத்துப் பாருங்கள்: 7,207 வெள்ளி 20 காசு. 7 பேர் பிரித்தால் ஆளுக்கு 1,029 வெள்ளி 60 காசு. 16 பேர் என்றால் 450 வெள்ளி 45 காசு. 17-ஆவது ஆள் வந்தால்தான் 5 காசு மிஞ்சும்.

அப்புறம், 17-ஆலும் வகுபட வேண்டுமென்றால் என்ன செய்வது என்று மகளிடம் கேளுங்கள். 17-ஆல் பெருக்கினால் போதும்: 12,252,240. அது 18-ஆலும் தானாகவே வகுபடும். ஏன் என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.