புறாக்களும் புறக்கோட்டையும்

அன்புள்ள ஐயா,

ரொட்டர்டாமின் ஓரத்தில் வசிக்கிறேன். இத்தகைய குடியிருப்பை டச்சு மொழியில் 'பாய்ட்டன்வெய்க்' என்கிறார்கள். 'பாய்ட்டன்' என்றால் வெளியே. 'வெய்க்கன்' என்ற வினைக்கு விலகுதல் என்று பொருள். ஆகவே நகரை விட்டு விலகியவர்களின் இடம் என்று பிரித்தேன்; சரியா? 'வோர்ஸ்டாட்' என்பதும் இதுதானா? தங்குதலைக் குறிக்கும் நம் 'வைகு' என்ற சொல்லே அங்கு சென்றது என்கிறார் நண்பர்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நண்பரின் 'வைகு' கிடக்கட்டும். அவர் அகராதியையே திறக்கவில்லை. நீங்கள் திறந்துவிட்டு, அடுத்த பதிவைப் படிக்காமல் மூடியிருக்கிறீர்கள், அதுதான் எனக்குக் கோபம். 'வெய்க்' என்ற பெயர்ச்சொல் அந்த வினையிலிருந்து பிறந்ததன்று. சிற்றூரையும் நகரின் பகுதியையும் குறித்த 'வீகுஸ்' என்ற லத்தீன் சொல்லை ஜெர்மானிய மொழியினர் மிக முன்பே கடன் வாங்கினர். பின்னாளில் டச்சு மொழியின் 'ஈ' என்ற நெடில் 'எய்' என்று திரிந்தபோது 'வீக்' என்பது 'வெய்க்' ஆயிற்று. விலகுதலைக் குறிக்கும் வினைக்கும் அதே திரிபு நேர்ந்ததால், உறவில்லாத இரண்டும் இன்று ஒன்றுபோல் ஒலிக்கின்றன. நோர்ட்வெய்க், பேவர்வெய்க் என்ற ஊர்கள் எந்த நகரை விட்டு விலகின என்று ஒரு கணம் உங்களையே கேட்டிருக்கக்கூடாதா?

திட்டுவதற்கு எனக்கும் முழுத் தகுதியில்லை. எட்டு வயதில், யாழ்ப்பாணத்திலிருந்து இரவு ரயிலில் வந்திறங்கி, கொழும்புக் கோட்டை நிலையத்தின் எதிரே அப்பாவின் கையைப் பிடித்துத் தெருவைக் கடந்தபோது, "புறாக்கள் எங்கே?" என்று கேட்டேன். எதிரே இருந்த புறக்கோட்டைப் பகுதியை நான் புறாக்கோட்டை என்றே நம்பியிருந்தேன். போதாததற்கு ஒரு கடைக் கூரையில் நாலைந்து புறாக்கள் உட்கார்ந்துமிருந்தன. அப்பா சிரிக்கவில்லை. என் தோளைப் பிடித்துத் திருப்பி, "கோட்டை அந்தப் பக்கம், நாங்கள் அதற்குப் புறத்தே நிற்கிறோம்" என்றார். சிங்களத்தின் 'பிட்டகொட்டுவ'வும் அதே கட்டுமானம்தான். கோட்டையைப் பிடித்திருந்த ஒல்லாந்தரோ (டச்சுக்காரர்) அதே பகுதியைப் 'பழைய நகர்' என்றனர்.

புறம், பாய்ட்டன் இரண்டுமே உள்ளே நிற்பவர் வைத்த பெயர்கள். அங்கேயே குடியிருப்பவருக்குத் தம் தெரு ஒருபோதும் வெளியே இருப்பதில்லை; அப்பா என்னை ஏன் திருப்பி நிறுத்தினார் என்பது இதை எண்ணும்போதுதான் விளங்குகிறது.

மறந்தேவிட்டேன், உங்கள் இரண்டாவது கேள்வி. 'வோர்' என்றால் முன். 'ஸ்டாட்' முதலில் வெறும் இடத்தையும் பிறகு நகரையும் குறித்தது. ஆகவே வோர்ஸ்டாட் என்பது நகர வாயிலுக்கு முன்னே வளர்ந்த ஊர், பாய்ட்டன்வெய்க் நகரின் வெளிவட்டப் பகுதி. உங்கள் வீட்டு வரியை ரொட்டர்டாம் நகராட்சியே வாங்குகிறதென்றால், பெரும்பாலும் உங்களுடையது பின்னதுதான்.