முதல் மூன்று பேருக்கு மட்டும் பதக்கம் வேண்டாம்

வணக்கம். தோவாளைப் பக்கம் கோடை முகாமில் ஏர் ரைபிள் (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி) பழகும் 11–13 வயதுப் பிள்ளைகள், பதக்கம் முதல் மூவருக்குத்தான் என்று தெரிந்ததும் மூன்றாம் நாளே சோர்ந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். போட்டியை விடுங்கள். குறித்த அளவை எட்டுகிற எல்லாருக்கும் பேட்ஜ் கொடுங்கள்.

முதல் பேட்ஜ் பாதுகாப்புக்கு: குழல் எப்போதும் இலக்குப் பக்கம், சுடும்வரை விரல் விசைக்கு வெளியே, 'நிறுத்து' என்றதும் துப்பாக்கி கீழே. இதில் அரைகுறைத் தேர்ச்சி கிடையாது.

இரண்டாவதற்குப் புள்ளியே எண்ணாதீர்கள். மணல் மூட்டையில் ரைபிளைத் தாங்கி, 10 மீட்டரில் ஐந்து குண்டு. ஐந்து துளைகளையும் ஒரு பத்து ரூபாய் நாணயம் (27 மி.மீ.) மூடினால் தேர்ச்சி. தாளில் எந்த மூலையில் விழுந்தாலும் சரி. ஒரே இடத்தில் விழுந்தால் பிடியும் விசை இழுப்பும் சீராகிவிட்டன. நடுவுக்குக் கொண்டுவர சைட்டை (துப்பாக்கி மேலுள்ள குறிபார்க்கும் கருவியை) திருகினால் போதும். தொடக்கத்திலேயே புள்ளி எண்ணினால் பிள்ளைகள் குண்டுக்குக் குண்டு குறியை மாற்றுவார்கள், துளைகள் சிதறும்.

மூன்றாவதுக்குத்தான் புள்ளி, அதுவும் பிஸ்டலுக்கான (கைத்துப்பாக்கி) இலக்கு அட்டையில். ரைபிள் அட்டையில் பத்துப் புள்ளி தரும் நடு வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மி.மீ.; பிஸ்டலுக்கு 11.5 மி.மீ. ஐந்து குண்டில் 35 எடுத்தால் பேட்ஜ். பத்து வினாடிக்குள் சுடாவிட்டால் இறக்கி, மூச்சுவிட்டு மறுபடி குறி பார்க்கட்டும். நேரம் போகப்போகக் கை நடுங்கும்.

தேர்வை மண்டபத்துக்குள் வையுங்கள். பக்கத்து ஆரல்வாய்மொழிக் கணவாயின் பலத்த காற்று லேசான ஈயக் குண்டைப் பக்கவாட்டில் தள்ளிவிடும், அதற்காக ஒரு பிள்ளை தோற்கக் கூடாது. தவறியவருக்கு மறுநாளே மறுவாய்ப்பு. பேட்ஜை அன்றன்றைக்கே குத்திவிடுங்கள், நிறைவு விழா வரை காக்கவைக்க வேண்டாம். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் யாரும் சாப்பிடக் கூடாது.