பங்குக் கோயில் சமூகப் பணி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

காரைக்குடிப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் சமூகப் பணிக்குழுவைக் கவனித்து வருகிறேன். கண் முகாம், ரத்த தானம் பற்றியெல்லாம் கேட்டிருந்தீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தேவகோட்டைத் தம்பி: எங்கள் இளைஞர் குழு ஏதாவது செய்ய ஆசைப்படுகிறது. எதில் ஆரம்பிப்பது, அண்ணே?

முகாமுக்குத் தேதி குறிப்பதில் ஆரம்பிக்காதீர்கள், தம்பி. முதலில் தெருவைச் சுற்றுங்கள். எந்த வீட்டில் யார் படுத்த படுக்கை, யார் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றது என்பதெல்லாம் அன்பியத்துப் பெண்களுக்கு, அதாவது பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுவின் பெண்களுக்கு, அத்துபடி. ஆனால் அன்பியம் நம் வீடுகளோடு நின்றுவிடும், அதனால் அடுத்த வீட்டுக் கதவையும் தட்டுங்கள். வின்சென்ட் தே பவுல் சபையை 1833இல் பாரிஸில் தொடங்கிய ஒசானாமும் நண்பர்களும் உங்களைப் போல மாணவர்கள்தான். ஏழை வீடுகளுக்கு நேரில் போய்ப் பார்ப்பதுதான் அவர்கள் செய்த முதல் வேலை.

கானாடுகாத்தான் அக்கா: கண் முகாமில் புரை என்று எழுதிக் கொடுத்தும் பாதிப் பேர் பஸ் ஏற மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

பயம் என்று நினைத்துக்கொண்டு நாம் தைரியம் சொல்லிக்கொண்டிருப்போம். உண்மையான காரணம் பெரும்பாலும் வேறு: "ஆட்டை யாரு பாக்குறது?" அரவிந்த் மாதிரி மருத்துவமனைகள் இலவச முகாமில் ஆபரேஷன், சாப்பாடு, போய்வரும் பஸ் எல்லாம் பார்த்துக்கொள்ளும். ஆட்டைப் பார்த்துக்கொள்ளாது. அது நம் வேலை. முகாமுக்கு முந்தின வாரமே வீடு வீடாகப் போய் ஆடு மாட்டுக்கு யார், பேரப்பிள்ளைக்கு யார், திரும்பி வந்ததும் சோறு யார் பொங்குவது என்று பேசி முடித்துவிடுங்கள். ஆதார் நகல், ஒரு மாற்றுச் சேலை, சுகர் பிரஷர் மாத்திரைச் சீட்டு, இவை பையில் இருக்கட்டும். வந்த பிறகு ஒரு மாதம் சொட்டு மருந்து விட வேண்டும், தனியாக இருக்கும் பாட்டிக்குக் கை நடுங்கும், மருந்து கன்னத்தில் வழியும். அந்தத் தெருப் பிள்ளைகளில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். என்னைக் கேட்டால் முகாமைவிட இந்த ஒரு மாதம்தான் முக்கியம்.

கோட்டையூரிலிருந்து ஒருவர்: உதவி செய்கிறோம் என்று மதம் மாற்றுகிறீர்கள் என்று பேச்சு வருகிறதே?

நேரடியாகச் சொல்கிறேன். அரிசி கொடுக்கும் இடத்தில் ஜெபம் வைக்கக்கூடாது, நோட்டீசில் வசனம் போடக்கூடாது, பெயர் எழுதும்போது என்ன மதம் என்று கேட்கவே கூடாது. பசித்தவரை உட்கார வைத்துப் பிரசங்கம் செய்வது அவரை அவமானப்படுத்துவது. கோயில் படி ஏறத் தயங்குபவர்கள் இருப்பார்கள், முகாமைப் பள்ளிக்கூடத்திலோ ஊர்ப் பொது மண்டபத்திலோ வையுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் உண்டியல், தவக்காலச் சேமிப்பு (ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில் மிச்சம் பிடிப்பது), வெளியூரில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள். வெளிநாட்டு நிறுவனமோ வெளிநாட்டுக் குடிமகனோ அனுப்பும் பணம் என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். வரவு செலவை மாதா மாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

ரத்த தான முகாமில் யார் கொடுக்கலாம்?

18 முதல் 65 வயது, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. அடுத்த முறை கொடுக்க ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் இடைவெளி வேண்டும். வெறும் வயிற்றோடு வருபவரை முதலில் இட்லி சாப்பிட அனுப்புங்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: பள்ளத்தூரில் அம்மா பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. கேட்கலாமா?

தாராளமாகக் கேளுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்துப் பங்கில் சொன்னால் வாரம் ஒருமுறை இரண்டு பேர் போய் ஆச்சியைப் பார்த்துவிட்டு வருவதில் யாருக்கும் சிரமம் இல்லை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வீடு நீண்டுகொண்டே போகும், பின்கட்டில் விழுந்து கிடந்து கூப்பிட்டால் தெருவுக்குக் கேட்காது. அதனால் ஆச்சியின் கட்டிலை முன்பக்கத்துக்கு மாற்றச் சொல்லுங்கள், ஒரு சாவி அடுத்த வீட்டில் இருக்கட்டும். முதியோர் உதவி எண் 14567, அதைப் பெரிய எழுத்தில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். எந்த ஊர்க் கோயில் பக்கம் என்று தெரியாவிட்டால் தெருப் பெயரை எனக்குத் தனியாக அனுப்புங்கள், விசாரித்துச் சொல்கிறேன்.