வேறு வேலை பார்த்தால் இசை கெட்டுப்போகுமா?

கேள்வி: சமகாலச் செவ்வியல் இசையமைப்பாளராக வேண்டும் என்பது என் ஆசை. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வேலை, அப்புறம் மேடையில் வாசிப்பு என்று பல பக்கம் ஓடினால் கவனம் சிதறிவிடாதா?

சிதறாது என்றே சொல்வேன். நானும் பகலில் கணக்கு எழுதுகிறவன்தான், இரவில் பியானோவுக்கு எழுதுகிறேன். இந்தக் கேள்வி என்னை ரொம்ப வருஷம் தூங்கவிடவில்லை. அதிலிருந்து என்னை மீட்டது அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸின் வாழ்க்கை.

1937இல் பிறந்தவர். 41 வயதுவரை நியூயார்க்கில் டாக்சி ஓட்டினார், பிளம்பர் வேலை பார்த்தார், வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கினார். அதற்கும் முன்னால், ஜூலியார்ட் இசைப்பள்ளியில் சேரப் பணம் வேண்டுமென்று இரும்பாலையில் வேலை பார்த்தார்.

1976 ஜூலையில் பிரான்ஸின் அவிஞ்ஞோனில், நாடக இயக்குநர் ராபர்ட் வில்சனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'ஐன்ஸ்டீன் ஆன் தி பீச்' என்ற ஆபரா, அதாவது இசை நாடகம், அரங்கேறியது. இடைவேளையே இல்லாமல் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். வேண்டும்போது எழுந்துபோய்த் திரும்பி வரலாம் என்று பார்வையாளர்களிடமே விட்டுவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபரா அரங்கில் இரண்டு நாள் நடந்தது, அரங்கு நிறைந்தது. பெயரும் வந்தது, கூடவே பெரிய கடனும் வந்தது. கிளாஸ் மறுபடி டாக்சிக்குத் திரும்பினார். வண்டியில் மாட்டியிருந்த உரிமத்தைப் பார்த்த ஒரு பெண்மணி, "புகழ்பெற்ற ஓர் இசையமைப்பாளரின் பெயர் உங்களுக்கு இருக்கிறதே" என்று சொன்னதாக அவரே சொல்லியிருக்கிறார். இன்னொரு முறை, கலை விமர்சகர் ராபர்ட் ஹியூஸின் வீட்டில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தைப் பொருத்தப் போயிருக்கிறார். நீங்கள் கலைஞராயிற்றே, இங்கே என்ன செய்கிறீர்கள் என்று ஹியூஸ் பதறிப்போனார். கலைஞன்தான், சில நேரம் பிளம்பரும்கூட, வேலையை முடிக்க விடுங்கள் என்று கிளாஸ் சொல்லிவிட்டார். அந்தப் பதிலில் வெட்கம் துளியும் இல்லை. எனக்கு அதுதான் பெரிதாகப்பட்டது.

இந்த வேலைகளை அவர் யோசித்துத்தான் எடுத்தார் என்று நினைக்கிறேன். பல்கலைக்கழகத்தில் இசை கற்பிக்கப் போகவில்லை. டாக்சியை நிறுத்தினால் வேலை முடிந்தது, தலை காலியாக இருக்கும், எழுதலாம். நீங்களும் வேலை தேடும்போது சம்பளத்தோடு இதையும் பாருங்கள்: வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வேலை மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்குமா?

சரி, மேடைக்கு வருவோம். உங்கள் கேள்வியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். முதலில், கிளாஸ் மேடைக்குக் கொண்டுபோன இசை எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1960களின் நடுவில் பாரிஸில் இசை ஆசிரியை நதியா பூலாஞ்சேயிடம் பாடம் கற்றுக்கொண்டிருந்தபோது, ஒரு படத்துக்காக ரவிசங்கரின் இசையை மேற்கத்திய குறியீட்டில் எழுதும் வேலை கிளாஸுக்குக் கிடைத்தது. அவர் எழுதியதை வாசித்தால் அழுத்தம் தப்பான இடத்தில் விழுந்தது. தபலா கலைஞர் அல்லா ரக்கா அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் தாளக்கட்டைப் பிரிக்கும் கோடுகளையே கிளாஸ் அழித்துவிட்டார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது, இரண்டும் மூன்றுமான சின்னக் கூறுகளைக் கோத்துக்கொண்டே போனால் தாளம் வளரும் என்று. தக, தகிட என்று சொல்லிப் பழகிய நமக்கு இது புதிதல்ல. அவருக்கோ அதுவே புது வழியானது. 1968இல் எழுதிய 'டூ பேஜஸ்' ஐந்து சுரங்களில் தொடங்கி, கூட்டியும் குறைத்தும் நகர்கிற இசை. பிழைப்புக்காக ஒப்புக்கொண்ட ஒரு வேலையிலிருந்து வந்தது இது!

இப்படி எழுதியதை யார் வாசிப்பார்கள்? 1968இல் அவரே ஒரு குழு அமைத்தார். மின் ஆர்கன்கள், சாக்ஸபோன், புல்லாங்குழல், குரல், எல்லாமே ஒலிபெருக்கி வழியாக. கலைக்கூடங்களிலும் மாடி அறைகளிலும் வாசித்தார்கள். அந்த இசையை வாசிக்கும் உரிமையைப் பல வருஷம் வெளியே கொடுக்கவும் இல்லை. கேட்க வேண்டுமென்றால் இவர்களைத்தான் கூப்பிட வேண்டும். இசையமைத்ததற்கு வராத காசு வாசித்ததற்கு வந்தது.

காசைவிடப் பெரிய லாபம் ஒன்றும் இதில் உண்டு. என் அனுபவத்தில் சொல்கிறேன். நால்வர் வாசிக்கும் ஓர் இசைத் துண்டை எழுதி மூன்று வருஷம் பலருக்கு அனுப்பினேன், யாரும் தொடவில்லை. பிறகு அதைப் பியானோவுக்கு மாற்றி, பதினோரு பேர் முன்னால் நானே வாசித்தேன். நடுப்பகுதியில் ஒருவர் நாற்காலியில் நெளிவது ஓரக்கண்ணில் தெரிந்தது. தாளில் அழகாக இருந்த அந்த இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று விரல்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் வெட்டிவிட்டேன்.

கிளாஸின் மற்ற கதை பலருக்கும் தெரிந்ததுதான். காந்தியின் தென்னாப்பிரிக்க வருடங்களைப் பற்றிய 'சத்யாகிரஹா' 1980இல் ராட்டர்டாமில் அரங்கேறியது. பாடும் சொற்கள் முழுக்க பகவத் கீதையின் சமஸ்கிருதம். அதை எழுதித் தரச் சொல்லி வாய்ப்பு வந்த பிறகுதான் டாக்சியை விட்டார். திரைப்படங்களுக்கு இசையமைத்து மூன்று முறை ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். முதல் சிம்பொனியை எழுதியபோது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

எனக்கு நெருக்கமானவை அவருடைய 20 பியானோ எட்யூட்கள், அதாவது பயிற்சித் துண்டுகள். உலகம் முழுக்கத் தெரிந்த இசையமைப்பாளரான பிறகும், மேடையில் இன்னும் நன்றாக வாசிக்க வேண்டும் என்று தன் விரல்களுக்காகவே பயிற்சியாக எழுதத் தொடங்கியவை அவை. வேலைக்குக் கிளம்புமுன் தினமும் இருபது நிமிடம் அவற்றில் ஒன்றை வாசிக்கிறேன். இடது கை இன்னும் தடுமாறுகிறது. அது தடுமாறும் இடத்திலிருந்து எனக்கு ஒரு புதுத் துண்டு கிடைத்திருக்கிறது, இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.