உடலில் தாமிரம்: கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

கேள்வி: டாக்டர், எனக்கு வெகுகாலமாக முடக்குவாதம் இருக்கிறது. இரத்தத்தில் தாமிரம் கூடுதல் என்று அறிக்கை வந்துள்ளது. நோய்க்கு மூலகாரணம் இதுதானா?

பதில்: இரத்தத்திலுள்ள தாமிரத்தின் பெரும்பகுதி, கல்லீரல் உருவாக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தோடு பிணைந்திருக்கிறது. உடலில் அழற்சி இருந்தாலும், கருவுற்றிருந்தாலும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை உட்கொண்டாலும் இந்தப் புரதம் கூடும்; அதனுடன் தாமிர அளவும் ஏறும். ஆகவே உங்கள் மூட்டழற்சியே அந்த எண்ணை உயர்த்தியிருக்க வாய்ப்பு மிகுதி. தாமிரத்தைக் குறைக்கிறேன் என்று துத்தநாக மாத்திரையை நீங்களாகத் தொடங்காதீர்கள்.

கேள்வி: என் தம்பிக்கு வயது 19. கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, கல்லீரல் பரிசோதனையும் சரியில்லை. ஆனால் இரத்தத்தில் தாமிரம் குறைவாகத்தான் இருக்கிறது. அப்படியானால் வில்சன் நோய் இல்லை என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடக் கூடாது. 1912இல் கின்னியர் வில்சன் விவரித்த இந்தப் பரம்பரை நோயில், ஏடிபி7பி மரபணுவின் பழுதால் கல்லீரல் தாமிரத்தைப் பித்தநீர் வழியே வெளியேற்ற முடியாமல் தவிக்கிறது. தாமிரம் கல்லீரலிலும் மூளையிலும் கண்ணிலும் படிகிறது. அதே பழுதால் செருலோபிளாஸ்மினும் குறைவதால், உறுப்புகளில் தாமிரம் தேங்கியிருக்கும்போதே இரத்தத்தின் மொத்தத் தாமிர அளவு குறைவாகத் தெரியும். செருலோபிளாஸ்மின் அளவு, 24 மணிநேரச் சிறுநீரில் வெளியேறும் தாமிரம், கருவிழி ஓரத்துப் பழுப்பு வளையத்துக்கான கண் பரிசோதனை ஆகிய மூன்றையும் தாமதமின்றிச் செய்யுங்கள். சிறுநீரில் 100 மைக்ரோகிராமுக்கு மேல் வந்தால் ஐயம் வலுக்கும். நோய் உறுதியானால் சிகிச்சை வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். உடல் தேறியதும் மருந்தை நிறுத்துவோரின் கல்லீரல் திடீரெனச் செயலிழக்கக்கூடும். உடன்பிறந்தவருக்கும் இந்நோய் இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதால் நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செப்புக்குடத்தில் ஊற்றிவைத்த தண்ணீரைக் குடிக்கலாமா?

பதில்: நலமுள்ளவர் குடிக்கலாம். மோர், எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல் போன்றவற்றை அதில் வைக்கக் கூடாது. வில்சன் நோயாளிகள் தொடவே வேண்டாம்.

கேள்வி: செப்புச் சொம்பில் இரவு வைத்த தண்ணீர் நல்லதா?

பதில்: மேலே உள்ள பதிலே இதற்கும் பொருந்தும்.

மறுப்பு: எங்கள் பாட்டி காலத்தில் செம்பும் பித்தளையும்தான் இருந்தன. யாருக்கு என்ன ஆயிற்று? வீணாக அச்சுறுத்துகிறீர்கள்.

பதில்: குழந்தைகளுக்கு ஆயிற்று, ஐயா. வெள்ளீயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் பாலைக் காய்ச்சும்போது, பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் தாமிரத்தைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பாலைக் குடித்து வளர்ந்த பச்சிளங்குழந்தைகள் பலர், இந்தியக் குழந்தைப்பருவக் கல்லீரல் சுருக்கம் என்று பெயர் பெற்ற நோயால் இறந்தனர். பரம்பரைக் காரணமும் சேர்ந்திருக்கலாம். ஆனால் அந்தப் பாத்திரங்கள் அடுக்களையிலிருந்து விலகியபோது நோயும் ஏறக்குறைய மறைந்தது. ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியிலும் இதே கதை நடந்தது. நம் பாட்டிமார் ஈயம் பூசுபவர் தெருவுக்கு வரும் நாளைக் காத்திருந்ததும் அறிவுதான். அந்தப் பூச்சைக் கைவிட்டுப் பாத்திரத்தை மட்டும் போற்றுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கேள்வி: தலைமுடிப் பரிசோதனையில் தாமிர நச்சு என்று வந்திருக்கிறது.

பதில்: அதை வைத்து எந்தச் சிகிச்சையும் தொடங்காதீர்கள்.

கேள்வி: எதிர்ப்பாற்றலுக்காக நெடுநாளாகத் துத்தநாகம் சாப்பிடுகிறேன். இப்போது இரத்தசோகை, கால் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம். வைட்டமின் பி12 சரியாக இருக்கிறது.

பதில்: நான் அஞ்சிச் சொல்லிவருவது இதைத்தான். மிகுதியான துத்தநாகம் குடற்சுவர் செல்களில் மெட்டலோதயோனீன் என்ற புரதத்தைப் பெருக்குகிறது. அது தாமிரத்தைப் பிடித்துவைக்க, அந்தச் செல்கள் உதிரும்போது தாமிரமும் மலத்தோடு போய்விடுகிறது. பெரியவருக்கு நாளொன்றுக்குத் தேவையான தாமிரம் 900 மைக்ரோகிராம்தான், ஆனால் அதுவும் கிடைக்காவிட்டால் தண்டுவடம் பழுதுபடும். இரத்தசோகை தேறிவிடும், நரம்புப் பாதிப்பு முழுவதும் மீளாமல் போகக்கூடும். மாத்திரையை இன்றே நிறுத்திவிட்டு, தாமிரம், செருலோபிளாஸ்மின், துத்தநாகம் மூன்றின் அளவுகளையும் பார்த்து, நரம்பியல் மருத்துவரை இந்த வாரமே சந்தியுங்கள்.