பெல்ட்டை இறுக்கினால் பேரிங் போகும்

(வாசகர் கேள்வி–பதில். இந்த மாதம் மெக்கானிக்கல் படிப்பு, வேலை பற்றிய கேள்விகள். பதில் சொல்பவர், சேலம் சுற்றுவட்டார ஆலைகளில் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற இன்ஜினியர்.)

கேள்வி: மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். மெக்கானிக்கல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். சொந்தக்காரர்கள் கம்ப்யூட்டரில் சேர்க்கச் சொல்கிறார்கள். மெக்கானிக்கல் படித்தால் காலமெல்லாம் ஸ்பேனரும் கிரீஸுமாகத்தான் இருக்க வேண்டுமா?
– ஒரு தாய், அம்மாபேட்டை

பதில்: ஸ்பேனர் பிடிப்பவர் ஃபிட்டர், அம்மா. அவர் இல்லாமல் எந்த ஆலையும் ஓடாது. இன்ஜினியரின் வேலை வேறு. ஒன்று சொல்கிறேன், கேளுங்கள்.

ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி. ஸ்டார்ச்சைக் காயவைக்கும் டிரையருக்குக் காற்று ஊதும் புளோயரில், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. மாற்றுவார்கள், கொஞ்ச நாளில் மறுபடியும் கரகரவென்று சத்தம் வரும். பேரிங் மட்டம், கம்பெனியை மாற்றுங்கள் என்றார் முதலாளி. கழற்றிய பேரிங்குகளைப் பார்த்தால், கெட்டுப்போனது எல்லாம் புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம், இருக்கும் பக்கம் மட்டும்தான். எதிர்ப்பக்கத்துப் பேரிங் புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. கம்பெனி மட்டமாக இருந்தால் இரண்டும்தானே போக வேண்டும்?

பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன், வீணைத் தந்தி மாதிரி விறைப்பு. ஏன் இவ்வளவு இறுக்கினீர்கள் என்றால், இறுக்காவிட்டால் வழுக்குகிறது என்றார் ஆபரேட்டர். சரி, ஏன் வழுக்குகிறது? புல்லியின் பள்ளம் தேய்ந்துபோயிருந்தது. வி-பெல்ட் பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவரையும் கவ்வித்தான் இழுக்கும். பள்ளம் தேய்ந்து பெல்ட் அடியில் போய் உட்கார்ந்துவிட்டால் பிடிப்பு போய்விடும். வழுக்குகிறதே என்று இறுக்க, பாரம் முழுக்கப் பேரிங் தலையில் விழுந்திருக்கிறது. குண்டுகள் உருளும் பால் பேரிங்கில் ஒரு கணக்கு உண்டு. பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆக, மாற்ற வேண்டியிருந்தது பேரிங்கை இல்லை, புல்லியை.

உங்கள் மகன் படிக்கப்போவது இந்த 'ஏன்' என்ற கேள்வியை. அது பேரிங்கோடு நிற்பதில்லை. மேட்டூர் அனல்மின் நிலையத்தில் கொதிகலனும் டர்பைனும் இந்தப் படிப்புதான். பெரிய ஆஸ்பத்திரியின் ஏசி, ரயில் பெட்டி, லாரி பாடி எல்லாம் இதற்குள் வரும். நம் சேலம் உருக்காலையில் ஸ்டெயின்லெஸ் தகட்டை மெல்லியதாக உருட்டும் மில்லில், தகட்டைத் தொடும் உருளைகள் ஒல்லியானவை. ஒல்லி உருளைக்குக் குறைந்த விசை போதும், ஆனால் வளைந்துவிடும். வளையாமலிருக்க மேலும் கீழுமாகத் தாங்குருளைகளை அடுக்கியிருப்பார்கள், மொத்தம் இருபது. அந்த அடுக்கை யோசித்தவரும் மெக்கானிக்கல் ஆள்தான்.

ஆரம்பச் சம்பளம் பற்றி மழுப்ப மாட்டேன். நல்ல சாஃப்ட்வேர் கம்பெனி கொடுப்பதைவிடப் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். முதல் இரண்டு மூன்று வருடம் ஷிஃப்ட், சத்தம், சூடு எல்லாம் உண்டு. அதைத் தாங்கி வேலை கற்றவனை எந்த ஆலையும் எளிதில் விடாது. பையனே ஆசைப்பட்டுக் கேட்கிறான் என்றால் சேர்த்துவிடுங்கள். சொந்தக்காரர்களா வந்து பரீட்சை எழுதப்போகிறார்கள்?

கேள்வி: மெக்கானிக்கல் இன்ஜினியருக்கு ஸ்கூட்டர் ரிப்பேர் தெரிந்திருக்க வேண்டுமா?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: தெரிந்தால் வீட்டில் மரியாதை கூடும். தெரியாவிட்டால் டிகிரியைப் பிடுங்க மாட்டார்கள்.

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் கடைசி வருடம் படிக்கிறேன். வேலைக்குப் போகவா, பி.இ. சேரவா?
– மாணவர், ஓமலூர்

பதில்: வீட்டில் பண நெருக்கடி இல்லையென்றால் பி.இ. சேருங்கள், தம்பி. டிப்ளமோ முடித்தவர்கள் நேராக இரண்டாம் வருடத்தில் சேரலாம். பக்கத்திலேயே கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, 1966-இல் தொடங்கியது. நெருக்கடி இருந்தால் ஒரு வருடம் அப்ரண்டிஸாகப் போங்கள், உதவித்தொகை உண்டு. ஆனால் அங்கே ஸ்டோர் ரூமில் உட்காரவைத்து ரிஜிஸ்டர் எழுதச் சொன்னால் வாயைத் திறந்து கேளுங்கள், மெஷின் பக்கம் விடச் சொல்லி.

எந்த வழியில் போனாலும் டிராயிங்கை விடாதீர்கள். நேர்முகத் தேர்வுக்கு வந்த பையன்கள் பலருக்குத் திரையில் முப்பரிமாணப் படம் அழகாகப் போட வந்தது. இந்த ஷாஃப்ட்டுக்கு (சுழலும் தண்டுக்கு) எவ்வளவு டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம், கொடுப்பாய், ஏன் என்று கேட்டால் கூரையைப் பார்த்தார்கள். ஒரு மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்து, லேத்தில் நீங்களே கடைந்த துண்டை அளந்து பாருங்கள். டாலரன்ஸ் என்றால் என்ன என்று கை சொல்லிக்கொடுக்கும்.

கேள்வி: அப்பா பஸ் டிரைவர். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது சில வண்டிகளில் கருகல் நாற்றம் வருகிறதே, ஏன்? இதையெல்லாம் படிக்க மெக்கானிக்கல்தானே சேர வேண்டும்? பெண்களுக்கு வேலை கிடைக்குமா?
– பிளஸ் ஒன் மாணவி, ஏற்காடு

பதில்: நல்ல கேள்வி, கண்ணு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். 10 டன் பஸ் ஒன்று இறங்கினால், அந்த உயரத்தில் சேர்த்துவைத்த ஆற்றல் மின்சாரக் கணக்கில் ஏறத்தாழ 33 யூனிட். அதில் காற்றும் டயரும் கொஞ்சம் தின்னும். மிச்சத்தை டிரைவர் பிரேக்கிலேயே மிதித்துக் கரைத்தால் அத்தனையும் சூடாகி, பிரேக்கில் உராயும் பட்டையான லைனிங்கில் இறங்கும். அந்தக் கருகல் நாற்றம் அதுதான். சூடு ஏற ஏற லைனிங்கின் பிடிப்பு குறையும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. இருபது கொண்டை ஊசி வளைவிலும் உங்கள் அப்பா சின்ன கியரில் இறங்குவது அதனால்தான். அந்த ஆற்றலில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். அப்பாவிடம் கேட்டுப்பார், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

இதே வேலையைச் செய்பவர்கள் சென்னை பாடியில் பிரேக் செய்யும் தொழிற்சாலையிலும், ஓசூரில் லாரி செய்யும் ஆலையிலும், ஒரகடத்தில் வண்டிகளைச் சோதிக்கும் மையத்திலும் இருக்கிறார்கள். டிசைன், டெஸ்டிங், குவாலிட்டி பிரிவுகளில் பெண்கள் நிறையவே வருகிறார்கள். மெஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோரில் இன்னும் குறைவுதான். நைட் ஷிஃப்டுக்கு வண்டி வருமா, பெண்களுக்குத் தனி ஓய்வறை உண்டா என்று வேலையில் சேரும் முன்பே கேட்டுவிடு, கூச்சப்படாதே. இப்போதைக்கு இயற்பியலையும் கணக்கையும் கெட்டியாகப் பிடித்துக்கொள். வேதியியலில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம், ஆனால் கட்-ஆஃபில் அதுவும் சேரும் என்பதை மறந்துவிடாதே.