கேள்வி பதில்: அட்டையில் ஒரு வகை, ஆஸ்பத்திரியில் இன்னொரு வகை

(இலங்கை மலையக வைத்தியசாலை ஆய்வுகூடங்களில் நெடுங்காலம் இரத்தப் பரிசோதனை செய்து ஓய்வுபெற்ற ஒருவர், இரத்த வகை பற்றி வந்த கேள்விகளுக்கு விடையளிக்கிறார்.)

ஹட்டனிலிருந்து: ஐயா, பல வருடங்களுக்கு முன் எங்கள் தோட்டத்தில் நடந்த முகாமில் எனக்கு ஓ பொசிட்டிவ் என்று அட்டை எழுதித் தந்தார்கள். சென்ற மாதம் சத்திரசிகிச்சைக்குப் போனபோது ஏ பொசிட்டிவ் என்கிறார்கள். இரத்த வகை வயதோடு மாறுமா?

மாறாது. எலும்பு மச்சை மாற்றப்பட்டவர்களிடமும் மிக அரிதாகச் சில இரத்தப் புற்றுநோய்களிலும் மாற்றம் தெரியலாம். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லாதவிடத்து, இரண்டு அட்டைகளில் ஒன்று பிழை என்பதே பொருள். பிழை மருந்துத் துளியில் நேர்வதைவிடப் பெயரில் நேர்வதே அதிகம் என்பது என் அனுபவம். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் கொண்ட மூவர் ஒரே காலையில் வரிசையில் நிற்பார்கள். குழாயில் பெயரைப் பிறகு எழுதலாம் என்று ஒருவர் நினைத்துவிட்டால், அதற்குப் பின் எவ்வளவு நுட்பமாகப் பரிசோதித்தாலும் வருவது அடுத்த வீட்டுக்காரரின் விடைதான். முகாம்களில் நேரமின்மையால் பெரும்பாலும் இரத்தத் துளியை ஓட்டுப் பலகையில் வைத்து ஒரு பக்கச் சோதனையை மட்டுமே செய்வார்கள். வலுக்குறைந்த ஏ வகையாக இருந்தால் அங்கே இரத்தம் திட்டுத்திட்டாகச் சேரும் திரட்சி கண்ணுக்குப் படாமல் ஓ என்று எழுதப்படுவதும் உண்டு. இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு இரத்த வங்கிக்குப் போய், புதிதாக எடுத்த மாதிரியில் மறுபடி பார்க்கும்படி கேளுங்கள். அதுவரை பழைய அட்டையை எவரிடமும் காட்ட வேண்டாம்.

பண்டாரவளையிலிருந்து, உயர்தர மாணவர் ஒருவர்: அந்த ‘ஒரு பக்கச் சோதனை’ என்றால் என்ன? மறுபக்கம் எது?

நல்ல கேள்வி, தம்பி. செங்குழியத்தின் மேற்பரப்பில் ஏ, பி என்னும் அன்டிஜன்கள், அதாவது அடையாளப் பொருள்கள், இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இவ்விரண்டில் எது ஒருவரிடம் இல்லையோ, அதற்கு எதிரான பிறபொருளெதிரி, அதாவது அந்த அன்டிஜனைப் பிடித்துச் செங்குழியங்களை ஒட்டவைக்கும் புரதம், அவருடைய இரத்தத்தின் நீர்ப்பகுதியில் இயல்பாகவே இருக்கும். வியன்னாவில் கார்ல் லான்ட்ஸ்டைனர் தம் ஆய்வுகூடத்தவர்களின் இரத்தத்தை ஒன்றோடொன்று கலந்து பார்த்து 1901இல் வெளியிட்டது இந்த ஒழுங்கைத்தான். அதற்கு நோபல் பரிசு 1930இல் கிடைத்தது.

முன்பக்கச் சோதனையில் உங்கள் செங்குழியத்தோடு, நீல நிறமூட்டிய அன்டி-ஏ, மஞ்சள் நிறமூட்டிய அன்டி-பி, நிறமற்ற அன்டி-டி ஆகிய திரவங்களைத் தனித்தனியே சேர்ப்போம். எதில் இரத்தம் திரிந்த பாலைப்போல் திட்டுத்திட்டாகப் பிரிகிறதோ அந்த அன்டிஜன் உங்களிடம் உண்டு. மூன்றாவது திரவம் ஆர்.எச். காரணியை, அதாவது டி என்னும் அன்டிஜனைக் காட்டுவது, பொசிட்டிவ், நெகட்டிவ் என்று நாம் சொல்வது இதையே. பின்பக்கச் சோதனையில், வகை தெரிந்த ஏ செங்குழியத்தையும் பி செங்குழியத்தையும் எடுத்து, உங்கள் இரத்தத்தின் நீர்ப்பகுதியோடு சேர்ப்போம். நீங்கள் ஏ வகையானால் முன்பக்கத்தில் அன்டி-ஏயும் பின்பக்கத்தில் பி செங்குழியமும் திரள வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று மெய்ப்பிக்காவிட்டால் நல்ல ஆய்வுகூடம் விடை எழுதாது, காரணம் தேடும். பலகையில் செய்யும்போது இரண்டு நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும் என்பதையும் குறித்துக்கொள். துளியின் ஓரம் காய்ந்தால் அதுவும் திரட்சியைப்போலத் தோன்றி ஏமாற்றும்.

நுவரெலியாவிலிருந்து: என் அம்மாவுக்குச் சளிக்காய்ச்சல் கடுமையாகி வார்டில் இருந்தபோது, இரத்த வகை பார்க்க முடியவில்லை என்று மறுபடி இரத்தம் எடுத்து, குழாயைச் சூடாகவே கொண்டுவரச் சொன்னார்கள். குளிரால் இரத்தம் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. சிலருக்கு, குறிப்பாக மைக்கோபிளாஸ்மா என்னும் கிருமியால் நுரையீரல் அழற்சி வந்த பின், தம் சொந்தச் செங்குழியங்களையே ஒட்டவைக்கும் பிறபொருளெதிரிகள் தோன்றுவதுண்டு. அவை உடற்சூட்டில் பெரும்பாலும் அடங்கிக் கிடந்து, வெப்பம் குறையும்போது வேலை செய்யும். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் உங்கள் ஊரில், தை மாதக் காலையில் ஒரு குழாய் மேசையில் பத்து நிமிடம் இருந்தால் போதும். அன்டி-ஏ, அன்டி-பி, அன்டி-டி மூன்றிலும் இரத்தம் திரண்டு, ஓ வகைக்காரரும் ஏபி பொசிட்டிவைப்போலத் தோன்றுவார். எந்த மருந்தும் சேர்க்காத ஒப்பீட்டுக் குழாயும் சேர்ந்து திரளும்போதுதான் குட்டு வெளிப்படும். அப்போது மாதிரியை 37 பாகை செல்சியஸில் வைத்து, இளஞ்சூடான உப்புக் கரைசலால் செங்குழியங்களைக் கழுவி மறுபடி பார்க்க வேண்டும். உங்கள் அம்மாவின் குழாயைத் திருப்பிக் கேட்டவர் தம் தொழிலை அறிந்தவர்.

மஸ்கெலியாவிலிருந்து: என் மனைவி ஓ நெகட்டிவ், நான் பி பொசிட்டிவ். முதல் பிள்ளை நலமாகப் பிறந்தது. இப்போது மனைவி மறுபடி ஐந்து மாதக் கர்ப்பிணி. ஊசி போட வேண்டும் என்று மருத்துவமாது சொல்கிறார். முதல் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதபோது இரண்டாவதுக்கு எதற்கு என்று என் தாயார் கேட்கிறார்.

உங்கள் தாயார் கேட்பது இயல்பே. ஆனால் இந்தப் பிரச்சினை முதல் பிள்ளையைப் பெரும்பாலும் விட்டுவிட்டு அடுத்ததைத்தான் தொடும். பொசிட்டிவ் குழந்தையின் செங்குழியங்கள் பிரசவத்தின்போது தாயின் இரத்தத்தில் சிறிதளவு கலக்கும். நெகட்டிவ் தாயின் உடல் அவற்றை அந்நியமாகக் கண்டு பிறபொருளெதிரியை உண்டாக்கும். அடுத்த குழந்தையும் பொசிட்டிவ் ஆனால், அந்தப் பிறபொருளெதிரி நச்சுக்கொடியைக் கடந்து போய்க் குழந்தையின் செங்குழியங்களை அழிக்கும். கடும் மஞ்சட்காமாலையும் இரத்தச்சோகையும், சில வேளை கருவிலேயே மரணமும் நேரலாம்.

ஆகவே முதலில், முதல் பிரசவத்துக்குப் பின், தாயின் உடல் அந்தப் பிறபொருளெதிரியை உண்டாக்காமல் தடுக்கும் அன்டி-டி ஊசி போடப்பட்டதா என்று பழைய கிளினிக் அட்டையைப் பாருங்கள். அடுத்து, பிறபொருளெதிரி ஏற்கெனவே உண்டாகிவிட்டதா என்பதை மறைமுகக் கூம்ஸ் பரிசோதனையால் அறிய வேண்டும். உண்டாகிவிட்டிருந்தால் ஊசியால் பயனில்லை, வேறுவகைக் கண்காணிப்புத் தேவை. உண்டாகவில்லையெனில் வழமையாக 28ஆவது வாரத்தில் ஓர் ஊசியும், குழந்தை பொசிட்டிவ் என்று தெரிந்ததும் பிறந்த 72 மணித்தியாலத்துக்குள் இன்னொன்றும் போடப்படும். கரு கலைந்தாலும், கர்ப்பகாலத்தில் இரத்தம் பட்டாலும், மலையில் கொழுந்து பறிக்கும்போது விழுந்து வயிற்றில் அடிபட்டாலும் வீட்டில் இருந்துவிடாமல் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அப்போதும் ஊசி தேவைப்படலாம். ஊசி போட்ட பின் கூம்ஸ் சோதனை செய்தால் அந்த மருந்தே சோதனையில் தெரியும் என்பதால், போட்ட திகதியை ஆய்வுகூடத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டுப் பல குடும்பங்கள் வீணாகப் பயந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பசறையிலிருந்து: கணவர் ஏ, நான் பி. பிள்ளை ஓ. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இதை வைத்து அசிங்கமாகப் பேசுகிறார்கள்.

பேசுகிறவர்களுக்குப் பாடம் தெரியாது. ஏ வகைக்காரர் தம் தாயிடமிருந்து ஏயையும் தந்தையிடமிருந்து ஓவையும் பெற்றிருக்கலாம். ஓ மறைந்திருப்பதால் சோதனையில் ஏ மட்டுமே தெரியும். உங்களிடமும் அவ்வாறே பியோடு ஓ மறைந்திருக்கலாம். இருவரும் மறைந்த ஓவைக் கொடுத்தால் பிள்ளை ஓதான். அப்படிப்பட்ட பெற்றோருக்கு ஒவ்வொரு பிள்ளையிலும் அதற்கு நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. பொசிட்டிவ் பெற்றோர் இருவருக்கு நெகட்டிவ் பிள்ளை பிறப்பதும் இதைப்போன்றதே. இரத்த வகையைக் கொண்டு ஒருவரைத் தந்தை என்று நிறுவவே முடியாது. வகை ஒவ்வாததுபோல் தோன்றும் இடங்களிலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது அட்டையை, தாயை அல்ல.

வெலிமடையிலிருந்து: அண்ணனுக்கு இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. வகை அட்டையில் இருந்தும் மறுபடி இரத்தம் எடுத்து நேரம் கடத்தினார்களே?

அது கடத்தலல்ல. ஏற்றப்போகும் பையின் செங்குழியத்தையும் அண்ணனின் இரத்த நீரையும் சேர்த்துப் பார்க்கும் ஒவ்வுமைச் சோதனைக்குப் புதிதாக எடுத்த மாதிரியே வேண்டும். ஏ, பி, டி தவிர வேறு பல அன்டிஜன்களும் உண்டு. முன்பு இரத்தம் ஏற்றியவர்களுக்கும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் அவற்றுக்கு எதிரானவை உண்டாகியிருக்கலாம். 1952இல் பம்பாயில் கண்டறியப்பட்ட ஓர் அரிய வகையைப் பாருங்கள். முன்பக்கச் சோதனையில் அது அப்படியே ஓவாகத் தெரியும். ஆனால் அந்த வகைக்காரர்களின் இரத்த நீர் ஓ செங்குழியத்தையும் திரட்டிவிடும். அட்டையை நம்பி ஓ இரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. உயிர் போகும் அவசரத்தில் மட்டும் சோதனை முடியுமுன் ஓ நெகட்டிவ் கொடுப்பதுண்டு.

தலவாக்கலையிலிருந்து: பிறந்தவுடன் பார்த்த வகையைப் பள்ளிக்கூடப் படிவத்தில் எழுதலாமா?

எழுதலாம், ஆனால் பென்சிலால் எழுதுங்கள். பிறந்த குழந்தைக்குத் தன் பிறபொருளெதிரிகள் சில மாதங்களுக்குப் பின்னரே உண்டாகும் என்பதால் பின்பக்கச் சோதனை அப்போது பயன்படாது. அன்டிஜன்களும் முழு வலுவடைந்திருக்க மாட்டா. ஒரு வயதுக்குப் பின் ஏதாவது காரணத்துக்கு இரத்தம் எடுக்கும்போது இதையும் பார்க்கச் சொல்லி, அதன் பின் பேனாவால் எழுதுங்கள்.